முக்கு வீட்டு இடியாப்பம்

கதை என்னுடையது, விடை உங்களுடையது. பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்பவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம். அவர்கள்தான் கடைசியில் திருதிருவென்று விழிப்பார்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, இரண்டு தெருக்கள் சேரும் முக்கில் ஒரு சின்ன வீடு. அதில் செண்பகவல்லியும் அவள் கணவன் பால்வண்ணனும் ஒத்திக்குக் குடியிருந்தார்கள். மாத வாடகை கிடையாது. மூன்று லட்சத்தை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். காலி செய்யும்போது அது அப்படியே திரும்பி வரும். பால்வண்ணன் லோடு ஆட்டோ ஓட்டினான். செண்பகவல்லி பிறந்ததிலிருந்து பதினோரு வீடு மாறியவள். பன்னிரண்டாவதாக இந்த வாசலில் கால் வைத்த அன்றே, இனி நகர்வதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அந்த ஓர் ஆசையைத் தவிர அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி நல்ல மனிதர். கதையில் வீட்டுக்காரர் வந்தாலே கெட்டவர் என்று நினைக்காதீர்கள். ஆனி மாதக் கடைசியில் அவராகவே வந்தார்.

"ஏம்மா, மவளுக்குக் கல்யாணம் கூடி வருது. வீட்டக் குடுத்துரலாம்னு இருக்கேன். பன்னெண்டு லட்சம். ஒத்திப் பணத்தக் கழிச்சுக்கிடுவோம். அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுங்க, வெலைய எழுதிருவோம். மிச்சத்துக்கு ஆறு மாசம் தாரேன்."

வீட்டில் இருந்ததே அந்த ஐம்பதாயிரம்தான். மிச்சத்துக்கு லோன் கேட்டு பேங்குக்குப் போனாள். மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். நிலையான வருமானம் வேண்டும், ஒரு வருஷ வரவு பாஸ்புத்தகத்தில் தெரிய வேண்டும் என்றார். பால்வண்ணனின் ஆட்டோ வருமானம் இன்று உண்டு, நாளை இல்லை.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது வீடு எழுதுவார்களா? ஆனால் அதே ஆடியில் தள்ளுபடி என்றால் கடை வாசலில் அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். திருநெல்வேலியில் இடியாப்பம் பிழியும் மிஷினுக்கு நல்ல தள்ளுபடி போட்டிருந்தார்கள். கையிலிருந்த அந்த ஐம்பதாயிரத்துக்குச் செண்பகவல்லி அதை வாங்கிவிட்டாள்.

"ஆடி போவட்டும் அண்ணாச்சி. ஒரு வருசம் பொறுத்துக்கிடுங்க. யாவாரம் பண்ணி, லோன் போட்டு, மொத்தமா தந்துருதேன்" என்றாள்.

"சரிம்மா. கல்யாணத்துக்கு வேற எங்கயாச்சும் பொரட்டிக்கிடுதேன். ஒன்னயக் கேக்காம வீட்ட விக்கமாட்டேன்" என்றார் அண்ணாச்சி. விலையைப் பற்றி அன்று இருவரும் பேசவில்லை.

ஆவணியில் முன்னறை ஜன்னலே கடையாயிற்று. இடியாப்பமும், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால் சொதியும். பால்வண்ணன் ஒரு போர்டு எழுதி வந்தான், 'முக்கு வீட்டு இடியாப்பம்' என்று. ஆட்டோவின் இரண்டு பக்கமும் அதையே பெரிதாக எழுதியிருந்தான்.

"எம் பேரப் போட்டிருக்கலாம்லா?" என்றாள் செண்பகவல்லி.

"ஏட்டி, வீடே நம்ம பேருல வரப்போவுது. அப்பறம் என்ன?"

காலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் முதலில் வந்தார்கள். பிறகு அந்த இடியாப்பத்துக்காகவே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பக்கத்தில் ஒரு டீக்கடை வந்தது. அப்புறம் மருந்துக்கடை, செல்போன் கடை. ஆறே மாதத்தில் கண்டக்டர்கள் "முக்கு வீடு இறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரும். தன் வீட்டைத்தான் ஊரே கூப்பிடுகிறது என்ற பெருமை.

அடுத்த ஆவணியில் பேங்கில் லோன் சரி என்றார்கள். ஒத்திப் பணம், மிச்சம் பிடித்தது, லோன், எல்லாம் சேர்த்துச் சரியாகப் பன்னிரண்டு லட்சம். வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்கள். அவர் தட்டை வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருவதுக்குக் கேக்காங்கம்மா. நான் சொல்லு மாறல, மொதல்ல ஒன்னயத்தான் கேக்கேன். ஒன்னால முடியுமா?"

"பன்னெண்டுன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி."

"அன்னைக்கு அது வெறும் முக்கும்மா. இன்னைக்கு அப்படியா? கல்யாணக் கடன் வேற என் கழுத்தப் புடிக்கு."

வெறும் முக்கை முக்கு வீடாக்கியது யார் என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும். ஏறிய எட்டு லட்சமும் செண்பகவல்லி விடியுமுன் எழுந்து பிழிந்தது. அதை இப்போது அவளே விலை கொடுத்து வாங்க வேண்டும். முடியாது என்று தலையை மட்டும் அசைத்தாள். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

வாங்கியவர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். காலி செய்கிற அன்று வந்து, "போர்ட மட்டும் விட்டுட்டுப் போங்க, அது வீட்டுப் பேருதான?" என்றார். அங்கே அவர் போட்டதும் இடியாப்பக் கடைதான்.

இப்போது சொல்லுங்கள். ஆடிக்குப் பயந்து அட்வான்ஸைத் தள்ளிப்போட்ட செண்பகவல்லி, போர்டில் வீட்டின் பேரை எழுதிய பால்வண்ணன், விலை ஏறியதும் ஏறிய விலையையே கேட்ட அண்ணாச்சி. மூவரில் யாரால் போனது இந்த வீடு?

விடை: செண்பகவல்லி அட்வான்ஸ் கொடுத்திருந்தால் மிஷின் இல்லை, மிஷின் இல்லாவிட்டால் லோன் இல்லை, ஆறாம் மாதம் அட்வான்ஸும் போய் வீடும் போயிருக்கும். போர்டில் அவள் பேர் இருந்திருந்தால் வியாபாரம் அவளோடு வந்திருக்கும், வீடு வந்திருக்காது. அண்ணாச்சி கொடுத்த வாக்கில் விலை இல்லை; கொடுத்ததை அவர் காப்பாற்றிவிட்டார். மூவர் மேலும் குற்றமில்லை. அந்த இடியாப்பம் இல்லாமல் அவளால் வீட்டை வாங்க முடியாது. அந்த இடியாப்பத்தால்தான் வாங்க முடியாமல் போயிற்று. வேறு வழி இருந்ததா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. செண்பகவல்லி இப்போது ஊருக்கு வெளியே பதின்மூன்றாவது வீட்டில் இருக்கிறாள். ஆட்டோவில் எழுதியதை அழிக்கப் பால்வண்ணனுக்கு இன்னும் மனம் வரவில்லை. 'முக்கு வீட்டு இடியாப்பம்' என்று அது தினமும் ஊரைச் சுற்றி வருகிறது. அதைப் படித்துவிட்டு ஜனங்கள் முக்கு வீட்டுக்குப் போகிறார்கள்.