அவரவர் நோட்டு

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு எஸ்தர்தான் நர்ஸ்.

ஒரு நாள் காலையில் மேனேஜர் வந்தார். "யார் யாருக்கு என்ன வியாதின்னு எழுதின நோட்டெல்லாம் சாயங்காலத்துக்குள்ள பங்களாவுக்கு வரணும். சீக்காளிகளை வேலையை விட்டு நிறுத்தப் போறேன். நோட்டு வரலைன்னா உன் வேலையும் போயிடும்."

"வந்துரும், தொரை" என்றாள் எஸ்தர்.

சாயங்காலம் பங்களா வாசலில் நூற்றிருபது தொழிலாளர்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு.

"நோட்டைத்தானே கேட்டேன், இவங்க எதுக்கு?"

"ஆஸ்பத்திரியில நான் எதையும் வச்சிக்கிறதில்ல, தொரை. அவங்க உடம்பைப் பத்தின நோட்டு அவங்க வீட்டுலதான் இருக்கும். அவங்ககிட்டயே கேளுங்க."

முன்னால் நின்ற பூவாயியிடம் மேனேஜர் கையை நீட்டினார். அவள் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, "தர முடியாது" என்றாள். அடுத்தவரும் அதையே சொன்னார்.

"எஸ்தர், நீ சொன்னா குடுப்பாங்க. சொல்லு."

"சொல்றேன். போன மாசம் நீங்களும் எங்கிட்ட மருந்து வாங்கினீங்க. அந்த நோட்டு உங்ககிட்டதான் இருக்கு. எடுத்து வந்து எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க. அப்புறம் இவங்களைக் கேக்கிறேன்."

கூட்டம் அவரையே பார்த்தது. மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை நூற்றிருபது பேரும் கொழுந்து பறிக்கப் போனார்கள்.