மைனா பரப்பிய கெட்ட வார்த்தை

குளக்கரைக் காட்டில் காட்டுப்பன்றிகள் நாள் முழுக்கச் சாணமும் சேறும் கலந்த குழியில் புரளும். அந்த நாற்றச் சேற்றுக்கு அவை வைத்த பெயர் "ட்ரொக்கு!"

அத்தி மரத்து மைனா மஞ்சமூக்கிக்கு அந்தச் சொல் ரொம்பவே பிடித்துப்போனது. சொன்னாலே வாய் நிறைகிறதே!

மறுநாள் ஓர் அணில் அவள் கிளையில் ஏறியது. "போடா ட்ரொக்கு!" என்றாள் மஞ்சமூக்கி.

அணிலுக்குப் பொருள் புரியவில்லை. திட்டு என்பது மட்டும் நன்றாகவே புரிந்தது. அது நேரே போய்க் குரங்கைத் திட்டியது. குரங்கு மானைத் திட்டியது. குளத்துக்கு வந்திருந்த வாத்துகள் அதைக் கேட்டு, மலைக்கு அப்பால் இருந்த ஏழு குளங்களுக்கும் கொண்டுபோயின. அங்கே தவளைகூட "ட்ரொக்கு" என்றே வைதது!

"எல்லாம் நான் கொண்டுவந்த சொல்லாக்கும்!" என்று மஞ்சமூக்கி பீற்றிக்கொண்டாள்.

அப்புறம் அவளுக்கு ஒரு குஞ்சு பிறந்தது. மைனாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு முதலில் பேசும் சொல்தான் அதற்குப் பெயர். சாகும்வரை மாற்ற முடியாது.

அந்தச் சொல் குஞ்சின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று மஞ்சமூக்கி காடு முழுக்கப் பறந்தாள்.

"அண்ணே, என் பிள்ளை பேசுற வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" என்று குரங்கிடம் கெஞ்சினாள்.

"நானா சொல்றேன்? வாயில தானா வருதும்மா!" என்றது குரங்கு. பேசும்போதே கால் வழுக்கிவிட்டது. "ட்ரொக்கு!" என்று கத்திக்கொண்டே கீழே விழுந்தது.

பெயர் சூட்டும் நாளில் சொந்தபந்தம் எல்லாம் கிளை கிளையாகக் கூடியது. மஞ்சமூக்கி அத்திப்பழத்தைக் காட்டிக் கொஞ்சினாள்.

"தேன்னு சொல்லு கண்ணு! என் தங்கமில்ல!"

குஞ்சு அம்மாவை ஆசையோடு பார்த்தது. வாயைத் திறந்தது.

"ட்ரொக்கு!"

"பெயர் வெச்சாச்சு!" என்று கிழட்டு மைனா அறிவித்தது. மஞ்சமூக்கி சிறகால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். குஞ்சோ எல்லோரும் தன்னைப் பாராட்டுவதாக நினைத்து இன்னொரு முறை சொன்னது.

கீழே நின்ற பன்றிக்கு ஒரே வியப்பு. "நாங்க சேத்தைத்தான் அப்படிச் சொல்லுவோம். பெத்த பிள்ளைக்கா வெச்சீங்க?" என்று கேட்டது.

அடுத்தவர்மேல் வீசும் கெட்ட வார்த்தை ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம் வீட்டுப் பிள்ளையின் வாயில்தான் வந்து உட்காரும்.