செவுளுக்குக் கேட்ட சேதி

அஞ்சுகம் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் ஆய்வுக்கூடம் இருந்தது. அதை நடத்தியவள் ஜெசிந்தா. வயது முப்பத்து நான்கு. அஞ்சுகத்துக்கோ நாற்பத்தைந்து. பிரசவ வார்டில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். ஆய்வுக்கூடத்தில் ஊசி போடத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்து நின்றாள்.

"வேலை மட்டும் போதாது மேடம். எனக்குக் கத்துக்குடுக்கணும்."

"என்ன கத்துக்கணும்?"

"சுரப்பிகளைப் பத்தி."

"எதுக்கு?"

அஞ்சுகம் மேஜைமேல் கிடந்த ஊசிகளை அடுக்கத் தொடங்கினாள். ஜெசிந்தா இரண்டாம் முறை கேட்கவில்லை.

அஞ்சுகத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைப்பாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். திரும்பி வருவதற்குள் எறும்பு மொய்த்திருக்கும்.

ஏழாம் மாதம் ஒரு மத்தியானம், மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு நாள் தள்ளிப்போச்சு மேடம். ஒருநாள் காலையில மார்புல பால் கசிஞ்சிருந்தது. ஜாக்கெட்டெல்லாம் ஈரம். நர்ஸு நான், எனக்கே மூளை மழுங்கிப்போச்சு. சந்தோஷத்துல மாமியார்கிட்ட சொல்லிட்டேன். அவங்க தெரு முழுக்கச் சர்க்கரை குடுத்துட்டாங்க."

ஜெசிந்தா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள்.

"நாலாம் நாள் பரிசோதனை பண்ணினேன். பிள்ளை இல்லை. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் கூடிப்போச்சுன்னு டாக்டர் சொன்னார். மாத்திரை குடுத்தாங்க, பால் நின்னுபோச்சு. அப்புறம் எத்தனையோ ஊசி. பிள்ளை வரவே இல்லை. வீட்டுக்காரரு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை."

"ம்."

"பிள்ளையே இல்லாத உடம்புக்கு அந்தச் சேதி எதுக்கு மேடம் வந்தது?"

ஜெசிந்தா சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சனிக்கிழமை ஒரு ஆய்வு தொடங்குறேன். நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் கேட்டது…"

"காதுல விழுந்தது, அக்கா."

சனிக்கிழமை பன்னிரண்டு ஜிலேபி மீன்களை உப்புத் தண்ணீரிலிருந்து ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். பன்னிரண்டுக்கும் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியை ஜெசிந்தா முன்பே எடுத்திருந்தாள். ஒரு தொட்டியில் ஆறு, பக்கத்துத் தொட்டியில் ஆறு. இடது தொட்டி மீன்களுக்கு மட்டும் ஊசி. மருந்துப் புட்டியில் பெயர் இல்லை, எண் மட்டும். ஆய்வு முடிகிறவரை அது என்னவென்று ஊசி போடுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

"வலது தொட்டியைத் தொடாதீங்க. பாத்து எழுதுங்க, போதும்," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வலது தொட்டியில் ஒன்று மிதந்தது. அஞ்சுகம் நேரத்தைக் குறித்தாள். பதினோரு மணிக்கு இன்னொன்று. மீதி நான்கும் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இடது தொட்டியில் ஆறும் தீனி தேடிச் சுற்றின.

அஞ்சுகம் வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். நோட்டில் "சாய்ந்து கிடக்கிறது" என்று எழுதினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை.

ஊசியை எடுத்தாள்.

ஈரத் துணியில் ஒவ்வொரு மீனாகச் சுற்றிப் பிடித்து, நான்குக்கும் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாள். அப்படியே கிடந்தன. சாயங்காலம் ஒன்று மெல்ல நிமிர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஜெசிந்தா வந்தபோது வலது தொட்டியில் நான்கு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நோட்டில் எல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தது.

"ஆய்வு கெட்டுப்போச்சு," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும் மேடம். நாளையிலிருந்து வர வேண்டாம்னா சொல்லிடுங்க."

"ஏன் போட்டீங்க?"

"பக்கத்துலயே மத்ததெல்லாம் நல்லா நீந்துது. மருந்து என் கையில இருக்கு. நான் என்னன்னு பாத்துக்கிட்டு நிக்கிறது?"

ஜெசிந்தா நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, ஒட்டிய உறை ஒன்றை நீட்டினாள்.

"மருந்துப் பேர். பிரிச்சுப் பாருங்க."

உள்ளே ஒரு சிறு காகிதம். அஞ்சுகம் படித்தாள். புரோலாக்டின். ஆட்டிலிருந்து எடுத்தது.

மறுபடியும் படித்தாள்.

"இது… பால் சுரக்க வைக்கிறது."

"ஆமா."

"என்னைப் பாழாக்கினது."

"அதுதான்."

"இதையா என் கையால எடுத்துப் போட்டேன்?"

ஜெசிந்தா தலையசைத்தாள்.

"மீனுக்கு ஏது மேடம் பால்?"

"நான் எடுத்த சுரப்பிதான் இந்தச் சேதியை அனுப்பும். மீன்ல அதைக் கேக்குற காது செவுள்ல இருக்கு. சேதி வந்தா செவுள் உப்பைக் கசிய விடாமப் பிடிச்சு வைக்கும். வராட்டி ஆத்துத் தண்ணியில உப்பெல்லாம் வெளிய போயி மீன் செத்துரும்."

"ஆட்டோட சேதி மீனுக்கு எப்படிக் கேக்குது?"

"ஆட்டுக்கும் மீனுக்கும் ஒரே மூதாதை இருந்த காலத்துலயே அந்தக் காது முளைச்சாச்சு. பால்ங்கிறது அதுக்கு எத்தனையோ கோடி வருஷம் கழிச்சு வந்த வேலை."

அஞ்சுகம் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வாங்க," என்று ஜெசிந்தா வெளியே நடந்தாள்.

மோட்டார் கொட்டகையின் உத்தரத்தில் புறாக் கூடு ஒன்று இருந்தது. இறகு முளைக்காத குஞ்சு ஒன்று, பெரிய புறாவின் வாய்க்குள் அலகை நுழைத்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தது. விலகியபோது அதன் அலகோரம் தயிர் போல வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"என்ன அது?"

"பால். தொண்டைப் பையில சுரக்குது. அங்கேயும் அதே சேதிதான்."

"தாய்ப்புறாவா?"

"தாயைப் போன வாரம் பூனை கொண்டுபோயிருச்சு. இது அப்பன்."

அஞ்சுகம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு வேகமாக ஆற்றோரம் போனாள், அதே வேகத்தில் திரும்பி வந்தாள். மூச்சு இரைத்தது.

"மீனுக்கு அது உயிர். ஆம்பளைப் புறாவுக்குக்கூடப் பால். எனக்கு வந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா மேடம்? எங்க தெருவுல எனக்குப் பேரே பொய்ப்பால்காரி. குழாயடியில பிள்ளைங்க கூப்பிடும். பதினாலு வருஷமா இந்த மார்பை நான் கண்ணாடியில பாத்ததில்லை. ஏன் எனக்கு மட்டும் அது தப்பாக் கேட்டது?"

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அனுப்பின சுரப்பி பிசகியிருக்கலாம், அக்கா. உங்க மார்பு சரியாத்தான் கேட்டது. தப்பாக் கேட்டது உங்க தெரு."