சடையப்பர் கடைப் பலகை

மாமரக் காட்டில் மாங்கனி என்று ஒரு பெண்குயில் இருந்தாள். குயில்களுக்குக் கூடு கட்டத் தெரியாது; அடைகாக்கவும் தெரியாது. அவளுடைய தாயும், தாயின் தாயும் காக்கைக் கூட்டில் களவாக முட்டையிட்டுவிட்டுப் பறந்தவர்கள்தாம். தன் பிள்ளை ஓட்டை உடைத்து வெளியே வருவதை அந்தக் குலத்தில் ஒருத்தியும் கண்டதில்லை.

"இந்த வருஷம் காக்கை வாசலை மிதிக்கமாட்டேன்! என் பிள்ளையை நானே பொரிப்பேன்!" என்றாள் மாங்கனி.

"உனக்கு உட்காரவே தெரியாதே!" என்றான் அவள் புருஷன் குழலன்.

"அதுக்குத்தான் சடையப்பர் கடையிலே பெட்டி வந்திருக்கு!"

சடையப்பர் ஒரு கரடி. ஆற்றோரப் பாறையடியில் கடை வைத்திருந்தார். அவர் காட்டிய அடைகாக்கும் பெட்டி ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. மேலே வெயிலைக் குடிக்கும் தகடு. முன்பக்கம் சூட்டின் அளவைக் காட்டிச் சிவப்பாக எரியும் எண்: முப்பத்தேழு.

"முட்டையை உள்ளே வை, பதின்மூணாம் நாள் குஞ்சை வெளியே எடு! பழுது கிழுதுன்னா நான் இருக்கேன் தாயி!" என்று மார்பைத் தட்டினார் சடையப்பர். அந்தச் சத்தத்தில் கடையே அதிர்ந்தது.

விலை, குழலனின் பாட்டு. கடைவாசலில் நாற்பது நாள் பாடவேண்டும். அதுவும் முன்கூட்டியே! குழலன் பாடினான். கூட்டம் சேர்ந்தது. வந்தவர்கள் கைவிளக்கையும் காற்றாடியையும் வாங்கி அள்ளிக்கொண்டு போனார்கள். நாற்பதாம் நாள் அவன் தொண்டை கட்டிவிட்டது. "கூ" வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை.

மாங்கனி இரண்டு முட்டையிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். மூன்று நாள் பெட்டி கதகதவென்று இருந்தது. நான்காம் நாள் காலையில் அலகால் தொட்டுப் பார்த்தாள். பெட்டி குளத்துக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது! முட்டைகளில் மட்டும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. எண் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது: முப்பத்தேழு.

தானே உட்கார்ந்து பார்த்தாள். வால் ஒரு பக்கம் இழுத்தது, கால் ஒரு பக்கம் இழுத்தது. ஒரு முட்டை உருண்டு கிளையின் நுனிவரை போய்விட்டது. காக்கையிடம் போகலாமென்றால், காக்கைக் குஞ்சுகள் ஏற்கெனவே பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. அங்கே இனி யார் அடைகாப்பார்?

முட்டைகளை இலவம்பஞ்சில் பொதிந்தாள்.

"பொழுது சாயும்வரைதான் இந்தப் பஞ்சு தாங்கும். தூக்குங்க!" என்றாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைக் கவ்வி, பஞ்சுப் பொதியைக் காலில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் பறந்தார்கள்.

"அண்ணாச்சி! பெட்டி சுடலை!"

சடையப்பர் எட்டிப் பார்த்தார். "எண் எரியுதே! எண் எரிஞ்சா சூடு இருக்குன்னு அர்த்தம்!"

"தொட்டுப் பாருங்க!"

"இந்தாம்மா, நான் தொட்டா வாரண்டி போயிடும்!"

"அப்போ மாத்திக் கொடுங்க!"

"செஞ்சது கம்பெனி. கம்பெனி ஏழு மலைக்கு அந்தப்பக்கம் இருக்கு. அங்கே போய்க் கேளு. நான் விக்கிறவன்!"

"பழுதுன்னா நான் இருக்கேன்னு சொன்னீங்களே!"

"இருக்கேனே! இதோ, இங்கேதானே இருக்கேன்!" என்ற சடையப்பர், தலைக்குமேலே தொங்கிய பலகையைக் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

பெட்டி வாங்கிய அன்று "தாயி"யாக இருந்தவள் இப்போது "இந்தாம்மா" ஆகிவிட்டாள்.  அழுவதற்குப் பஞ்சில் நேரமில்லை. மாங்கனி நேரே குளக்கரைக்குப் போனாள்.

காட்டின் வழக்குகளை அந்தக் குளக்கரையில்தான் ஆமையார் விசாரிப்பார். அவர் சொல்லை மீறியவர் கோடை முழுவதும் குளத்தில் வாய் வைக்கக்கூடாது. அதனால் ஆளனுப்பியதும் சடையப்பர் வந்தார். பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆமையார் வழக்கைக் கேட்டார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து வெளியே நீட்டினார். "ஆழமான வழக்கு. அடுத்த அமாவாசைக்கு ஒத்திவைக்கிறேன்."

"ஐயா! முட்டைக்கு வாய்தா தெரியாது! பொழுது சாய்ஞ்சா செத்துப்போகும்!" என்று கத்தினாள் மாங்கனி.

ஆமையார் திடுக்கிட்டார். பெட்டிக்குள் மெல்லக் கழுத்தை விட்டார். உடனே வெளியே இழுத்தார். "எண்ணுக்குத்தான் காய்ச்சல் அடிக்கிறது. பெட்டி குளிரில் விறைக்கிறது! சடையப்பரே, என்ன சொல்கிறீர்?"

"பலகை சொல்லுது ஐயா!"

"பலகையை எழுதியது யார்?"

"நான்தான்."

"இவள் பலகையிடம் வாங்கினாளா, உம்மிடம் வாங்கினாளா?"

"என்கிட்டத்தான்..."

"நாற்பது நாள் பாட்டை ஏழு மலைக்கு அப்பால் இருக்கும் கம்பெனியா கேட்டது?"

குழலன் சாட்சி சொல்ல வாயைத் திறந்தான். "கூ" என்றான். அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"விலையைத் திருப்பிக் கொடுத்துடறேன்!" என்றார் சடையப்பர்.

"பாடின பாட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பீங்க? நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டாள் மாங்கனி.

கரையிலிருந்த எல்லாரும் "வேண்டாம், வேண்டாம்!" என்று அலறினார்கள்.

ஆமையார் தீர்ப்புச் சொன்னார்: "புதுப்பெட்டி கொடுக்கவேண்டும். அது வரும்வரை பெட்டியின் வேலையை விற்றவரே பார்க்கவேண்டும். ஐயா சடையப்பரே, படுத்துக்கொள்ளும்!"

சடையப்பர் படுத்தார். அவருடைய வயிற்று ரோமத்துக்குள் இரண்டு முட்டைகளும் போயின. அடிவானத்தில் பாதிச் சூரியன்தான் மிச்சமிருந்தது.

பிறகு நடந்ததைக் காடு இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. முட்டைகளை வயிற்றோடு அணைத்தபடி மெல்ல நடந்துபோன சடையப்பர், கடைவாசலிலேயே மல்லாந்து கிடந்தார். புரளக்கூடாது. உறுமக்கூடாது. மாங்கனி அவர் மூக்கின்மேல் உட்கார்ந்து காவல் காத்தாள்.

"தாயி, ஒரே ஒரு தடவை சொறிஞ்சுக்கறேன்!"

"சொறிஞ்சா வாரண்டி போயிடும் அண்ணாச்சி!"

கம்பெனிக்குப் புறாவை அனுப்பினார். மூன்றாம் நாள் புறா பதில் கொண்டுவந்தது: 'உங்கள் முறையீடு எங்களுக்கு மிக முக்கியம். காத்திருக்கவும்.' ஆறாம் நாள் இன்னொரு பதில் வந்தது: 'நாங்கள் செய்பவர்கள் மட்டுமே. விற்றவரைக் கேட்கவும்.'

"விற்றவனே நான்தாண்டா!" என்று சடையப்பர் கர்ஜிக்கப் போனார். வயிற்றில் முட்டை இருப்பது ஞாபகம் வந்தது. அதையே ரகசியம்போல மெதுவாகச் சொன்னார்.

முட்டையிட்ட பதின்மூன்றாம் நாள் காலை. வயிற்றுக்குள் ஏதோ கொத்தியது. மாங்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஓட்டில் ஒரு கீறல். கீறலுக்குள் ஒரு துளி அலகு. அவள் குலத்தில் யாரும் பார்க்காத ஒன்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.  குழலன் பாடினான். அன்றைக்கு "க்கூ"வும் வந்தது.

குஞ்சுகள் இரண்டும் தலையைத் தூக்கி, எதிரே தெரிந்த பெரிய கறுப்பு முகத்தைப் பார்த்து, "அம்மா!" என்றன.

"ஐயய்யோ! நான் கடைக்காரன்!" என்றார் சடையப்பர். ஆனால் எழுந்திருக்கவில்லை. குஞ்சுகள் காயும்வரை அப்படியே கிடந்தார்.

அன்று மாலைதான் புதுப்பெட்டி வந்தது. சடையப்பர் அதைத் தாமே மூன்று நாள் வயிற்றில் வைத்துச் சூடு பார்த்து, அதன் பிறகே அடுத்த வருஷத்துக்கென்று மாங்கனியிடம் கொடுத்தார். பழைய பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புதிதாக எழுதினார்: 'இங்கே விற்ற பொருளுக்கு நானே பொறுப்பு. தயவுசெய்து ஆமையாரிடம் போகவேண்டாம்.'

விலையை வாங்கிய கையே பழுதையும் வாங்கிக்கொள்ளவேண்டும்; வாங்கியவரும் அதைத் தயங்காமல் கேட்கவேண்டும்.