ரோட்டுக்கு முடி இறக்கிய ஊர்

கல்லாங்குத்து ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் ரோட்டை ரோடு என்று சொன்னால் பாறைகளுக்கே கோபம் வரும். ஒச்சப்பன் மகள் வீராயிக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"எங்க வேன் உங்க வாசல் வரைக்கும் வரணும். நடுவழியில நின்னா அப்படியே திரும்பிப் போயிருவோம்."

ரோடு கேட்டுப் போனவர்களிடம் இன்ஜினியர், "நிஜமாவே ரக்கட்டா இருந்தா புது ரோடு போட எழுதறேன். வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார். 'ரக்கட்' என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தமென்று அவரிடமே கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லையா? டவுனில் டியூஷன் எடுக்கும் எபனேசர் சாரைப் போய்ப் பிடித்தார்கள்.

"கரடுமுரடுன்னு அர்த்தம்" என்றார் சார். அதோடு விட்டிருக்கலாம். வாத்தியாராச்சே, விடுவாரா? "ஆனா பூர்வீகத்துல அது நிலத்தைச் சொன்ன வார்த்தை இல்ல. பனி தேசத்துக்காரங்க பாஷையில சடைசடையா கிடக்கிற முடி, கம்பளி, அதுதான் மூலம். மேடுபள்ளத்துக்கு வந்தது பின்னாடி."

ஊர்க்கூட்டம் கூடியது. நாட்டாமை சடையாண்டி கவலையோடு ஆரம்பித்தார்.

"பாறை இருக்கு. பள்ளம் இருக்கு. மூலத்துக்கு வேண்டிய முடி எங்கப்பா?"

"ஒரு மசுரும் இல்லீங்க" என்றார் ஒச்சப்பன், கண் கலங்கி.

"ஆபீசர் படிச்சவரு. முடியத்தான் முதல்ல தேடுவாரு" என்றார் நாட்டாமை.

வீராயி குறுக்கே வந்தாள். "பள்ளத்தைக் காட்டினா போதும்ப்பா. விழுந்து எந்திரிச்சா அவருக்கே புரிஞ்சிரும்."

"இங்கிலீசு விஷயத்துல நீ வாயைத் திறக்காத" என்று அடக்கிவிட்டார்கள். அறிவாளிகள் நிறைந்த சபையில் வேறென்ன நடக்கும்?

பக்கத்து ஊர் சலூன்காரர் மாசிலாமணியை வரவழைத்தார்கள். சாமிக்கு மொட்டை போடும் ஊர்கள் உண்டு. ரோட்டுக்கு மொட்டை போட்ட ஊர் இது ஒன்றுதான். பெரியவர், சிறியவர், தாடி, மீசை எதுவும் தப்பவில்லை. ஆடுகளும் தப்பவில்லை. கல்யாணப் பெண் என்று வீராயி தலையை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவைத்தார்கள். மூட்டை மூட்டையாக முடியைக் கொட்டிப் பள்ளங்களை மெத்தென்று நிரப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். ஜீப் குலுங்கவே இல்லை. வரும் வழியில் அவர் ஒரு குட்டித் தூக்கமே போட்டிருந்தார்.

"கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கே. இதுக்கு மேல ரோடு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஊரே மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றது.

ஜீப் அலுங்காமல் போய்வந்த சேதி மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டியது. முகூர்த்தத்துக்கு வேனில் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆடிக்காற்று முந்திக்கொண்டு வந்து முடியை எல்லாம் வாரிக்கொண்டு போனது. தட்டுத் தடுமாறி வந்த வேன், ஒச்சப்பன் வாசலுக்கு முந்தின கடைசிப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது.

"வண்டியத் திருப்பு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என்னதான் தள்ளினாலும் வேன் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. என்ன ஆச்சென்று பார்க்க மாப்பிள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தோள் வரை புரளும் கருகருவென்ற முடி.

சடையாண்டி அந்தத் தலையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார்.

"இந்த ஒரு பள்ளத்துக்கு இது காணும்" என்றார் நிதானமாக. "மாசிலாமணி, கத்தியத் தீட்டு."

இந்தத் தடவை வீராயி குறுக்கே பேசவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாசிலாமணி பக்கத்தில் வைத்தாள்.