கும்பிட வைத்த பேனர்

கவுன்சிலர் வைரக்கண்ணுவுக்கு விடிந்தால் பிறந்தநாள். ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிலோமினா காட்டிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நேத்து மவுஸ் புடிச்ச புள்ளைக்கு என்ன தெரியும்? பாக்கிறவன் அத்தனை பேரும் நின்னு கும்பிடணும்!"

"கும்பிட வச்சிடலாங்கய்யா."

மறுநாள் கடைவீதியில் பேனர் ஏறியது. கறுப்பு வெள்ளையில் அவர் முகம், சுற்றிலும் மல்லிகை, கீழே பிறந்த தேதி. போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் நின்று கும்பிட்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார்.

வைரக்கண்ணு பூரித்துப்போனார். "இவ்வளவு சீக்கிரம் எப்படிம்மா கத்துக்கிட்டே?"

"ஊர்ல எந்தப் பேனரைக் கண்டா ஜனங்க கும்பிடுறாங்கன்னு பார்த்துப் பார்த்துத்தாங்கய்யா."

அந்த நேரம் சைக்கிளில் வந்த பெரியவர் இறங்கி, பேனரைக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டார்:

"பாடிய எப்பங்க எடுக்கிறாங்க?"