உள்ளங்கையில் ஏறிய புலிவண்டு

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. ராஜாக்கள் ஓட்டக்காரர்களின் வாயால் சேதி கேட்ட காலம் அது. செம்மணற்கரை என்ற ஊரில் பூவாயி என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய அண்ணன் கடம்பன், ராஜாவின் ஓட்டக்காரன்.

ஒரு புயல் ஊரையே துடைத்துப் போட்டது. படகு போயிற்று, நெல் போயிற்று, மிஞ்சியது பசிதான். ராஜாவிடம் அரிசி கேட்கக் கடம்பன் புறப்பட்டான். மணல்மேட்டில் குடியிருந்த மந்திரவாதி வழிமறித்தான்.

“எல்லோரும் செத்துப்போனார்கள் என்று சொல். எனக்கு இந்தக் கரை வேண்டும்.”

“உயிரோடு இருக்கிறவர்களை என் வாயால் சாகடிக்க மாட்டேன்” என்றான் கடம்பன்.

மந்திரவாதி ஒரு பிடி மணலை அவன்மேல் வீசினான். அவ்வளவுதான், கடம்பன் புலிவண்டாகிவிட்டான். பச்சை முதுகு, கத்திரி போன்ற தாடை. ஓடினால் கண் இருண்டது, நின்றால்தான் தெரிந்தது. ஓடினான், நின்றான், பார்த்தான். மறுபடி ஓடினான்.

அண்ணனைத் தேடி வந்த பூவாயியிடம் மந்திரவாதி சிரித்துக்கொண்டே சொன்னான்: “உன் அண்ணன் இப்போது புலிவண்டு. மறுபடி மனிதனாக வேண்டுமானால், அவன் தானாக உன் உள்ளங்கையில் ஏறி, மூன்று அலை வந்து போகும்வரை நிற்க வேண்டும். பசித்த வண்டு, கடிக்கும். உதறினால் நீயும் வண்டு.”

கரையெல்லாம் புலிவண்டுகள். வெயிலடித்தால்தான் வளையை விட்டு வரும். மழையோ விடவில்லை. பூவாயி நனைந்தபடி கையை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஊரில் பிள்ளைகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஒருநாள் மேகம் சற்றே விலகியது. வண்டுகள் ஓடின. அவள் நிழலைக் கண்டதும் எல்லாம் விலகின. ஒன்று மட்டும் நின்றது, பார்த்தது.

“அண்ணா, நான்தான்” என்றாள்.

அது ஏறியது. முதல் அலைக்குத் தோலைக் கடித்தது. இரண்டாம் அலைக்குச் சதையைக் கடித்தது. மூன்றாம் அலைக்கு எலும்பே அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள், கையை உதறவில்லை.

அலை திரும்பியது. எதிரே கடம்பன் நின்றான். மந்திரம் முறிந்ததும் மேட்டிலிருந்த மந்திரவாதி மணலாய்ச் சரிந்து காற்றோடு போனான். வண்டாயிருந்தபோது நடந்த எதுவும் கடம்பனுக்கு நினைவில்லை. ராஜாவிடம் ஓடினான், ஊர் உயிரோடு பசியில் கிடக்கும் உண்மையைச் சொன்னான். அரிசிப் படகுகள் வந்தன. கரையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார் ராஜா.

அன்று எல்லா வீட்டிலும் உலை கொதித்தது. பூவாயிக்கு மட்டும் சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை.

“கையில் என்னம்மா காயம்?”

“சிப்பி கிழிச்சிடுச்சு, அண்ணா.”

கடம்பன் அவள் தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினான். அவள் குனிந்தபடியே வாங்கிச் சாப்பிட்டாள்.